சாப்பாட்டுக்கும் ஒரு கையெழுத்து

அத்தியாயம் 14

போன வாரம் இசைப்பிரியாவை வாசலில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். தோளில் ஒரு பை, கையில் வார் அறுந்த செருப்பு. சென்னை பஸ் நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறக்கிவிட்டதிலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள்.

"லீவா?" என்று அம்மா பிரபாவதி கேட்டாள். "ஆமா" என்றாள் மகள். அது பொய் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிரபாவதிக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் கேன்டீனில் பாத்திரம் பாத்திரமாகச் சாம்பார் கிளறிவிட்டு வந்தவள் அந்த நேரத்தில் விசாரணை நடத்துவாளா? "கையக் கழுவிகினு வா" என்று மட்டும் சொன்னாள். மகள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தட்டையும் அவள் பக்கம் நகர்த்தினாள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா ராமலிங்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அம்மா பிரபாவதி கேன்டீனில், அவளும் கான்ட்ராக்ட்தான். இருவரும் குடியிருப்பது நகரியத்தில் ஒரு குவார்ட்டர்ஸ். அது பிரபாவதியின் தம்பி சசிகுமாருக்குக் கம்பெனி கொடுத்தது. அவன் பெர்மனென்ட். வடலூரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். அக்கா குடும்பத்தை "நீங்க இருந்துக்குங்க" என்று இங்கே வைத்துவிட்டான்.

இசைப்பிரியா சென்னையில் பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு. எல்லாம் வங்கிக் கடனில். எல்லாம் என்றா சொன்னேன்? இல்லை, அங்கேதான் வினை. கடன் எழுதும் நாளில் வங்கியில், "காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் ரூம், புக்ஸ், சாப்பாடு, எல்லாத்துக்கும் சேர்த்தே போட்டுக்கலாம்" என்றார்கள். ராமலிங்கம் எழுந்து நின்றுவிட்டார்.

"சாப்பாட்ட மட்டும் அடிச்சிடுங்க சார். எம் பொண்ணு திங்கிற சோத்துக்கு நான் வட்டி கட்டமாட்டேன்."

அடித்துவிட்டார்கள். அதை ராமலிங்கம் ஷிப்டில் எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டார் என்பதைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாம் வெள்ளிக்கிழமைக் காலைக்கு வருவோம்.

* * *

நைட் ஷிப்ட் முடிந்து ராமலிங்கம் வந்தபோது மகள் முன்னறையில் பாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். வெளிக்குழாயில் கை கால் கழுவிக்கொண்டே அவளைப் பார்த்தார். பழுப்பு நிலக்கரித் தூள் தண்ணீரோடு கரைந்து ஓடியது.

"எப்ப வந்த பாப்பா?"

"நைட்டுப்பா. நீங்க ஷிப்டுக்குப் போயிட்டீங்க."

"எளச்சிப் போயிட்ட."

"ஹாஸ்டல்னா அப்படித்தான்பா."

"நல்லாத் தின்னு. காசு கீசு பாக்காத. சோத்துக்குத்தான் மாசாமாசம் குடுத்துகினு இருக்கேன்ல."

இசைப்பிரியா தலையாட்டினாள். அடுப்படியில் பிரபாவதி, தேவையே இல்லாமல், கொதிக்கிற சாதத்தை இன்னொரு தரம் கிளறினாள்.

ராமலிங்கம் சாப்பிட்டார். உள்ளறை ஜன்னலில் ஈரத்துண்டைக் கட்டினார். படுத்த சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. பிரபாவதி கதவைச் சாத்திவிட்டு, வாசல் காலிங்பெல்லின் சுவிட்சையும் அணைத்தாள். அது அவளுக்குத் தினசரி வேலை. பால்காரர்கூட இந்த வீட்டில் கைதட்டாமல்தான் பால் ஊற்றுவார்.

அம்மாவும் மகளும் அடுப்படித் தரையில் உட்கார்ந்தார்கள். வெங்காயம் உரிப்பது ஒரு சாக்கு. குரலை இறக்கித்தான் பேசினார்கள்.

"அம்மா, பேங்க்லேருந்து யாராவது வந்தாங்களா?"

"பேங்க்லேருந்தா? இங்க யாரு வரப் போறா?"

"நல்லா யோசிச்சுப் பாரு. போன வாரம். ஹெல்மெட் போட்டுகினு, ஒரு பை மாட்டிகினு."

பிரபாவதியின் கை நின்றது.

"ஒருத்தன் வந்தான். ரெண்டு தடவ வந்தான். ராமலிங்கம் இருக்காரான்னு கேட்டான்."

"நீ என்னா சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

"ஏம்மா?"

"தூங்கிகினு இருந்தாருடி."

இதைக் கேட்டு நெய்வேலிக்கு வெளியே இருப்பவர்கள் சிரிக்கலாம். இங்கே இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்தவனை எழுப்பக் கூடாது. அது இந்தத் தெருவின் சட்டம். "தூங்குறார்" என்று உண்மையைச் சொன்னால் வந்தவன் "ஒரே நிமிஷம், எழுப்புங்க" என்பான். அதனால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: ஆள் இல்லை. போஸ்ட்மேனிடம் இல்லை, சீட்டுக்காரரிடம் இல்லை, கல்யாணப் பத்திரிகை கொண்டுவரும் சொந்தக்காரரிடம்கூட இல்லை. இந்தப் பொய்யைச் சொல்லும்போது யாருக்கும் நாக்கு கூசாது. தூக்கம் கெட்டு ஷிப்டுக்குக் கிளம்பிய பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து ஒரு வருடம் படுத்துக் கிடந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

"அந்தாளு எதிர் வூட்லயும் கேட்டாரும்மா" என்றாள் இசைப்பிரியா.

"புஷ்பவல்லி என்னா சொன்னா?"

"அவரா, நான் அவரப் பாத்தே மாசக்கணக்காச்சின்னு சொன்னாங்களாம்."

புஷ்பவல்லியைத் திட்டவும் முடியாது. அவள் புருஷன் தூங்கும்போது பிரபாவதி இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"அதனால என்னாடி இப்ப?"

"அதனாலயா? 'தகப்பனார் இந்த முகவரியில் வசிக்கவில்லை'ன்னு எழுதிக் குடுத்துட்டாரு. மேனேஜர் மேடம் எனக்குப் போன் பண்ணி, உங்க அப்பா எங்கம்மா இருக்காரு, உங்க கூடத்தான் இருக்காரான்னு கேக்குறாங்க. எனக்கு அழறதா சிரிக்கிறதான்னு தெரியல."

"அவங்களுக்கு உங்க அப்பாகிட்ட என்னா வேலை?"

இசைப்பிரியா உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தாள்.

"சாப்பாட்டுக்கும் சேத்து லோன் குடுங்கன்னு எழுதிப் போட்டேன்."

"அப்பாவுக்குத் தெரியாமயா?"

"தெரிஞ்சா உடுவாராம்மா?"

சொல்ல ஆரம்பித்துவிட்டால் பெண் பிள்ளைகள் பாதியில் நிறுத்த மாட்டார்கள். ஹாஸ்டல் அறை வாடகை கல்லூரிக் கட்டணத்தோடு வங்கியிலிருந்தே போய்விடுகிறது. மெஸ் தனி. அதில் பாக்கி ஏறி ஏறி, பொங்கல் விடுமுறை முடிந்து போனபோது அவளுடைய மெஸ் கார்டை நிறுத்திவிட்டார்கள். வாசலில் தேய்த்தால் சிவப்பு விளக்கு எரியும். பின்னால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

"அப்ப என்னாடி சாப்ட்ட இத்தினி நாளா?"

"ரூம் பொண்ணுங்க ரெண்டு சப்பாத்தி அதிகமா வாங்கி டிஷ்யூ பேப்பர்ல சுத்திகினு வருவாங்க."

"தெனமுமா?"

"வார்டன் பாக்காத அன்னிக்கு."

பிரபாவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் அழுவதானாலும் சத்தம் வரக் கூடாது. தினமும் நூற்றுக்கணக்கான பேருக்குச் சோறு போடும் கை அவளுடையது. கரண்டி அளவு குறைந்தால் ஆம்பளைகள் முகத்தைப் பார்ப்பார்கள் என்று தாராளமாகவே போடுவாள்.

"திங்கக்கெழமைக்குள்ள ஹாஸ்டல்ல, கடன் வரும்னு பேங்க் லெட்டராவது குடுக்கணுமாம். இல்லன்னா ரூமையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நாளைக்கு ரெண்டாவது சனி, பேங்க் லீவு. இன்னிக்கே அப்பா நேர்ல போயி, நான் இருக்கேன், எனக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போடணும்."

"ரெண்டு மணிக்கு எழுந்துருவாரு."

"எழுந்து, குளிச்சி, சாப்பிட்டு, நான் விஷயத்தச் சொல்லி, அவரு கோவப்பட்டு, அப்புறம் பேங்குக்குப் போறதா? அதுக்குள்ள மூடிடுவாங்கம்மா. இப்ப எழுப்பு."

பிரபாவதி உரித்த தோலைக் கூட்டி அள்ளினாள்.

"எனக்கு அனுப்புற காசு பாதி மாசத்துக்குத்தான் வருது. அப்பாவால அவ்ளோதான் முடியுதுன்னு நெனச்சி நான் ஒரு நாளும் கேக்கல. கேட்டா அவரு மூஞ்சி மாறிடும். அதப் பாக்க எனக்கு முடியாது. அதான் பேங்குல கேட்டேன். இதுல என்னா தப்பு சொல்லு?"

"தப்பில்ல" என்றாள் பிரபாவதி. சொல்லிவிட்டு எழுந்து போய் உள்ளறைக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

அவள் அப்படி நின்றது தூக்கத்துக்காக மட்டும் அல்ல. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவரை எழுப்பியதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் வங்கிக்குப் போய் உட்கார்ந்தால் இன்னொரு விஷயமும் வெளியே வரும். அது வந்தால் அப்புறம் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற பயம் அவளுக்கு. திரும்பிப் பார்த்தாள். மகளின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. நேற்று ராத்திரி துப்பட்டா மறைத்திருக்க வேண்டும்.

கதவைத் தள்ளினாள். அவர் காலைத் தொட்டு அசைத்தாள்.

ராமலிங்கம் விழுந்தடித்துக்கொண்டு எழுந்தார். "யாரு? யாருக்கு என்னா ஆச்சி?"

"யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. எழுந்திரிங்க."

"மணி ரெண்டாயிடிச்சா?"

"இல்ல. நான்தான் எழுப்புனேன்."

கண் சிவந்திருந்தது. மனைவியையும், அவளுக்குப் பின்னால் நின்ற மகளையும் மாறி மாறிப் பார்த்தார். யாரோ செத்துவிட்டார்கள், சொல்லத் தயங்குகிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார். மகள் விஷயத்தைச் சொல்லி முடித்தபோது, செத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சோத்துக்கா?"

இசைப்பிரியா தலையை ஆட்டினாள்.

"நான் குடுக்கிறது பத்தலியா பாப்பா?"

"பத்தலப்பா."

அவர் எழுந்து ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். "சரி, கெளம்புங்க. பேங்குக்குப் போவலாம்."

"கையெழுத்துப் போடுறீங்களாப்பா?"

"போடுறேன். இந்தக் கடன் வேணாம்னு எழுதிக் குடுத்து, அதுல போடுறேன்."

* * *

மதியம் கேன்டீனுக்கு வர முடியாது என்று பிரபாவதி மேஸ்திரிக்குப் போன் செய்தாள். ஒரு நாள் கூலி போயிற்று. மேஸ்திரி தன் பங்குக்கு நாலு வார்த்தை சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டாள்.

அப்பாவும் மகளும் டி.வி.எஸ்.ஸில் போனார்கள். பிரபாவதி ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது, இருவரும் வங்கியில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ராமலிங்கத்தின் தலை அடிக்கடி தொங்கியது. குளிர்சாதனம் அவருக்கு எதிரி. ஒவ்வொரு முறையும் தலையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார்.

மேனேஜர் திலகவதிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. நல்ல மாதிரி. வெள்ளிக்கிழமை என்பதால் அவரும் களைத்திருந்தார்.

"நீங்கதான் ராமலிங்கமா? இருக்கீங்களே" என்றார்.

"இருக்கேங்க. தூங்கிகினு இருந்தேன்."

பிரபாவதி தலையைக் குனிந்துகொண்டாள். மேனேஜர் சிரிக்கவில்லை. இந்த ஊருக்கு வந்து வருடக்கணக்காகிவிட்டதால் அவருக்கும் புரிந்தது.

"எங்க ஆளு புதுசு சார். கடலூர் பையன். அவருக்கு இது தெரியல. சரி, இப்ப நேர்ல வந்துட்டீங்க. பொண்ணு கேட்டிருக்கிறது நியாயமான தொகைதான். நீங்க சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டா..."

"வேணாங்க."

"என்ன வேணாம்?"

"சாப்பாட்டுக் கடன் வேணாங்க. படிப்புக்கு வாங்குனேன். அது பெரிய விஷயம், என்னால ஆவாது. அதுக்குத் தல குனியலாம். சோத்துக்குமா? ரெண்டு பேரு சம்பாரிக்கிறோம். எம் பொண்ணுக்குச் சோறு போடத் துப்பில்லன்னு நானே எழுதிக் குடுக்கிறதா?"

"அப்படி யாரும் எழுதச் சொல்லல சார். வெளியூர்ல படிக்கிற புள்ளைக்குச் சாப்பாடும் படிப்புச் செலவுதான். படிச்சி முடிச்சி அவங்களே கட்டப் போறாங்க."

"அதான் மேடம் சொல்றேன். கல்யாணமாகிப் போயும் அவ இங்க தின்ன இட்லிக்கு வட்டி கட்டிகினு இருப்பா. எனக்கு அது வேணாம்."

பாவம் ராமலிங்கம். கெட்ட மனிதர் இல்லை. தன் வீட்டு உலை மட்டும் தன் உழைப்பில் கொதிக்க வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். அதற்காக டபுள் ஷிப்ட் பார்த்திருக்கிறார், பீடியை விட்டிருக்கிறார். ஆனால் அந்த நினைப்பைச் சுமப்பது யார் என்று ஒரு நாளும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

"அப்ப மெஸ் பாக்கி எப்படி சார் ஏறுச்சு?" என்றார் மேனேஜர்.

"அதான் எனக்கும் புரியல. மெஸ் பில்லு எவ்ளோன்னு எனக்குத் தெரியும். சம்பளம் வந்த அன்னிக்கே அத முழுசா எடுத்து வூட்ல குடுத்துடுறேன். ஒரு மாசம் தவறுனது இல்ல."

இசைப்பிரியா சட்டென்று திரும்பினாள்.

"முழுசாவாப்பா?"

"முழுசாத்தான்."

"எனக்குப் பாதிதான வருது."

இருவரும் ஒரே நேரத்தில் பிரபாவதியைப் பார்த்தார்கள். மேனேஜர் இப்படி எத்தனை குடும்பங்களைப் பார்த்திருப்பாரோ, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே படித்த எதையோ மறுபடி படிக்க ஆரம்பித்தார்.

பிரபாவதிக்குத் தண்ணீர் வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை.

"சசிக்குக் குடுத்தேன்."

"சசிக்கா? எதுக்கு?"

"வாடகை."

ராமலிங்கத்துக்குத் தூக்கம் முழுதாகப் போய்விட்டது. "வாடகையா? உன் தம்பி வாடகை கேட்டானா?"

"கேக்கல. நானாத்தான் குடுத்தேன். தம்பி வூட்ல சும்மா குந்திகினு இருக்க எனக்குக் கூச்சமா இருந்திச்சி. அவன் பொண்டாட்டி மொகத்தப் பாக்கணும்ல நான். ஒரு விசேஷத்துக்குப் போனா, எங்க வூட்லதான் ஓசியில இருக்காங்கன்னு யாராவது பேசிடுவாங்களோன்னு..."

"அவன் வாங்கிகினானா?"

"மொத ரெண்டு மாசம் வேணாம்னான். அப்புறம் வேணாம்னு சொல்றத வுட்டுட்டான்."

"பொண்ணோட சோத்துக் காசையா?"

"வேற காசு எங்க இருக்குது நம்மகிட்ட?"

சத்தம் போடாமல்தான் கேட்டார். சத்தம் போடாமல்தான் அவளும் சொன்னாள். பகல் முழுக்க மெல்லப் பேசிப் பழகிய வீடு.

"சும்மாவே இருந்திருக்கலாம்ல பிரபா. அவன் கேக்கலியே."

"நீங்களுந்தான் அன்னிக்கு இங்க சும்மா கையெழுத்துப் போட்டிருக்கலாம். இவங்களும் கேக்காமயே குடுத்தாங்க."

அப்போதுதான் இசைப்பிரியா பேசினாள். அவள் கத்தியிருந்தால்கூட அவர்கள் இருவருக்கும் இலகுவாக இருந்திருக்கும்.

"அப்பாவுக்குக் கடன் வாங்கிச் சாப்பிட்டா கேவலம். உனக்கு ஓசியில இருந்தா கேவலம். எனக்கு ஒரு கேவலமும் இல்லன்னு நெனச்சிட்டீங்க ரெண்டு பேரும். இத்தினி நாளா அடுத்தவ தட்டுலேருந்து எடுத்துத் தின்னேன்பா நான். ஹரிணின்னு ஒரு பொண்ணு. அவளுக்குப் பசிக்கிற அன்னிக்கும் எனக்காகப் பாதி எடுத்து வெச்சா. எனக்குப் படிப்பு வரும்பா. பசியோட வரமாட்டேங்குது."

கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. ராமலிங்கம் கையை நீட்டினார், மகளைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் மேஜைமேல் வைத்துக்கொண்டார். நகக் கண்ணில் கழுவியும் போகாத பழுப்பு.

"எங்க போடணும் மேடம்?" என்றார்.

மேனேஜர் காட்டிய இடத்தில் எல்லாம் போட்டார். அவர் கையெழுத்து எப்போதும் பெரியது. கடைசிப் பக்கத்தில் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. பரவாயில்லை என்றார் மேனேஜர்.

அத்தோடு முடிந்திருந்தால் நானும் இந்த வாரம் நிம்மதியாகப் போயிருப்பேன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சார்" என்றார் மேனேஜர். "எங்க ஆளு எழுதுன ரிப்போர்ட் ஃபைல்ல இருக்கு. நீங்க அங்க இல்லன்னு. அதை மாத்தணும்னா நீங்க அங்கதான் இருக்கீங்கன்னு ஏதாவது காட்டணும். ஆதார்ல என்ன அட்ரஸ்?"

"குறிஞ்சிப்பாடிப் பக்கம், ஊர் அட்ரஸ்தாங்க."

"குவார்ட்டர்ஸ் யார் பேர்ல இருக்கு?"

"மச்சான் பேர்ல."

"அப்ப அவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிடுங்க. இவங்க என் குவார்ட்டர்ஸ்லதான் குடியிருக்காங்கன்னு. வாட்ஸாப்ல போட்டோ அனுப்புனாக்கூட இன்னிக்குப் போதும். நாலு மணிக்குள்ள வந்தா நான் இருந்து காலேஜுக்கு லெட்டர் அனுப்பிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை.

கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸை இன்னொருவருக்கு விடக் கூடாது. விடுகிறார்கள், எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருப்பது வேறு, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறு. அந்தத் தாள் எங்காவது போய் நின்றால் சசிகுமார் விளக்கம் சொல்ல வேண்டி வரும். வாடகையும் வாங்கியிருக்கிறான். இன்று காலை வரை அது ராமலிங்கத்துக்குக்கூடத் தெரியாத விஷயம்.

* * *

வெளியே வெயில் காய்ந்தது. வங்கி வாசல் வேப்ப மரத்தடியில் வண்டிகள் நிறுத்தியிருந்தார்கள். ராமலிங்கம் டி.வி.எஸ். சீட்டில் சாய்ந்து நின்றார். போனை எடுத்துச் சசிகுமாரின் நம்பரைத் தேடினார். அழுத்தவில்லை. மனைவியிடம் நீட்டினார்.

"நீ கேளு."

"நீங்க கேளுங்க. உங்க பேச்சத் தட்டமாட்டான்."

"நான் கேட்டா, சரி மாமா பாக்கலாம்னு மரியாதையாச் சொல்லித் தள்ளிப் போட்டுடுவான். நீ அக்கா. அவன நீதான வளத்த."

அது உண்மை. தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவனிடம் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் மகளின் சாப்பாட்டுக் காசை எடுத்து மாதாமாதம் கொடுத்தாள். ராமலிங்கம் உள்ளே தலை குனிந்துவிட்டு வந்துவிட்டார். இப்போது அவள் முறை.

பிரபாவதி மகளைப் பார்த்தாள். அவள் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, அம்மாவின் பழைய செருப்புக்குள் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள். அளவு சரியில்லை.

பிரபாவதி போனை வாங்கி அழுத்தினாள். மூவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள். மணி அடித்தது. சசிகுமாருக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட், மதியத்துக்கு மேல்தான் கிளம்புவான், வீட்டில்தான் இருப்பான்.

"சொல்லுக்கா" என்றான். பின்னால் டி.வி. ஓடும் சத்தம்.

"தம்பி."

"சொல்லுக்கா, என்னா இந்த நேரத்துல? மாமா தூங்குறாரா?"

"இல்லடா. முழிச்சிகினு இருக்காரு." இருமிக்கொண்டாள். "எனக்கு ஒரு உதவி வேணும்டா. உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இது பாப்பா சாப்பாட்டு விஷயம். நாங்க உன் குவார்ட்டர்ஸ்லதான் இருக்கோம்னு ஒரு பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பணும். நாலு மணிக்குள்ள."

டி.வி. சத்தம் குறைந்தது. ஏதோ கதவு சாத்தும் ஓசை. பிறகு, சற்றுத் தள்ளி, அவன் மனைவியின் குரல் கேட்டது.

"யாருங்க போன்ல?"

"யாருமில்ல. ஆபீஸ் கால்" என்றான் சசிகுமார்.

பிரபாவதி போனைக் கட் பண்ணவில்லை. அவனும் வைக்கவில்லை.